சாய்ஸில் விட்ட பாடங்கள்

காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்துவிடும். 10.15 வரை விடை எழுதக் கூடாது. முதல் பத்து நிமிடம் வினாத்தாளை வாசிப்பதற்கு. அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாள் முகப்பில் இருக்கும் விவரங்களைச் சரிபார்ப்பதற்கு. பிறகு மூன்று மணி நேரம். தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் பொதுத்தேர்வு எழுதிய எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லித்தந்தோம் என்று கேட்டால்தான் சங்கடம். தினமும் ஸ்லிப் டெஸ்ட், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன் என்று ஓடும் பள்ளிக்கூடம், வினாத்தாளை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு பீரியடு ஒதுக்கியிருக்காது.

கண்காணிப்பாளராக அறைக்குள் நிற்பவருக்கு அந்த நேரம் வேடிக்கையாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். சில பிள்ளைகள் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சிலர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறார்கள். எட்டு மார்க், ஐந்து மார்க்கில் தெரிந்தது வந்திருந்தால் முகம் தெளிந்துவிடும், இல்லையென்றால் முன்பக்கத்துக்குத் திரும்பவே மாட்டார்கள். ஒருசிலர் மட்டும் ஒவ்வொரு கேள்வியாக நிதானமாகப் படித்துவிட்டு, எதை முதலில் எழுதுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று மனதுக்குள் வரிசை போடுகிறார்கள். இவர்களுக்கு வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அண்ணனோ அக்காவோ, கல்லூரிக்குப் போன மாமாவோ. தேர்வு எழுதும் சூட்சுமம் நம் ஊரில் இப்படித்தான் சொத்தைப் போலக் கைமாறுகிறது. இருக்கிற வீட்டில் இருக்கும்.

இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. அவர்களுடைய கணக்கு வேறு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்த ஒரு பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"எப்படிப்பா எழுதியிருக்க?"

"பாஸ் ஆயிருவேன் சார். ஜியாமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு, பதினாறு. ஒன் மார்க் பத்தாவது வந்துரும். ரெண்டு மார்க் அஞ்சு போட்டிருக்கேன். முப்பத்தாறு சார்."

"முப்பத்தஞ்சு போதுமே?"

"ஒண்ணு சேஃப்டிக்கு சார்."

சிரிப்பு வந்தாலும், அந்தப் பையன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்த வினாத்தாளின் அமைப்பு இதுதான்: 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே 14க்கு 10, கடைசியில் செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. மொத்தம் 100. ஐந்து மதிப்பெண் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண். அந்தப் பாதியைத் தொடாமலே கரையேற வழி இருக்கிறது என்று அவன் கண்டுபிடித்திருக்கிறான். குறைந்த உழைப்பில் இலக்கை அடைய எதை எடுப்பது, எதை விடுவது என்பது கணிதத்தில் பெரிய துறை. அவனுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

ஆனால் அவன் வரைந்துவிட்டு வந்தது என்ன என்று யோசித்தால் மனம் கொஞ்சம் கனக்கிறது. வடிவொத்த முக்கோணம் வரையும்போது ஒரு சாய்கோடு போட்டு, காம்பஸால் சமதூரத்தில் வில் வெட்டி, கடைசிப் புள்ளியை இணைத்து, அதற்கு இணையாக இன்னொரு கோடு இழுக்க வேண்டும். கை பழகிவிட்டால் பத்து நிமிட வேலை. அந்த இணைகோடு ஏன் சரியான விகிதத்தில் வெட்டுகிறது என்பதற்கான காரணம் அதே புத்தகத்தில் தேல்ஸ் தேற்றமாக இருக்கிறது. தேற்றம் ஐந்து மார்க் பகுதியில் வரும். அதை அவன் சாய்ஸில் விட்டுவிட்டான். படம் அவனிடம் இருக்கிறது, காரணம் இல்லை.

'சாய்ஸில் விடுவது' என்பதைத் தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புளூபிரிண்ட் என்று ஒன்று இருந்த காலத்தில் இது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ன வகைக் கேள்வி வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அதை வைத்து எந்தப் பாடத்தைப் படிக்காமல் விட்டாலும் நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். படிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல் ஒன்று, படிக்க வேண்டாத பாடங்களின் பட்டியல் ஒன்று. சென்டம் எடுத்த பிள்ளைகள் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத அத்தியாயங்களோடுதான் கல்லூரிக்குப் போனார்கள். பாடத்தை விடுவது போய், ஒரு வகுப்பையே விடுவதும் நடந்தது. பல உறைவிடப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அந்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி இரண்டு வருடம் அதையே உருட்டுவார்கள்.

அரசு இதைத் தடுக்க முயன்ற விதங்களை அடுக்கிப் பார்த்தால், தேர்வுக்கும் தேர்வு எழுதுபவருக்கும் நடக்கும் நீண்ட சதுரங்கம் தெரியும். 2017இல் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பன்னிரண்டாம் வகுப்பின் 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-19இலிருந்து புதிய பாடநூல்கள் வந்தன, புளூபிரிண்ட் போனது, புத்தகத்துக்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார்கள். உடனே மறுபக்கம் காய் நகர்ந்தது. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை அடுக்கி வைத்துத் தனியார் புளூபிரிண்டுகள் வந்தன. மார்ச் மாதம் வாட்ஸப்பில் 'இம்பார்ட்டன்ட்ஸ்' பறக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு முடிவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைப் பார்த்தால் அது நல்ல முடிவு. பதினொன்றாம் வகுப்பு மறுபடியும் காணாமல் போகாமல் இருக்க என்ன செய்யப் போகிறோம் என்பது தனிக் கேள்வி.

இந்த உத்திகளை எல்லாம் ஒழுக்கக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேர்வு என்பது ஒரு வடிவம். வெண்பா எழுதுகிறவர் தளை தெரிந்துகொள்வதைப் போலத் தேர்வு எழுதுகிறவர் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ராமானுஜனையே காட்டலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர வேறு எதிலும் கவனம் வைக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. மற்றப் பாடங்களிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்ற விதி அந்தத் தேர்வின் வடிவம்; அதற்கு அவர் வளையவில்லை. உலகத்துக்கு அதனால் நஷ்டம் இல்லை என்று இன்று சொல்லலாம். அவர் அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது.

என் புகார் வேறு. உத்தி என்ற பெயரில் நாம் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் எதைப் படிக்காமல் விடலாம் என்பதைத்தான். எப்படிப் படித்தால் நிற்கும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது படித்தவர்களிடம் வழக்கமாகிவிட்டது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை வாயால்தான் படித்தார்கள். ஒன்றை முந்நூற்றிருபதாகப் பிரித்த முந்திரியில் தொடங்கி அரைக்காணி, காணி, அரைமா, மா என்று பின்னங்கள் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பள்ளிகளை ஆராய்ந்த வரலாற்றாளர் செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது கற்றலின் ஒரு முறையாகவே இருந்தது என்று காட்டியிருக்கிறார். எழுதிவைத்ததைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், சட்டாம்பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டும், கடைவீதியில் கணக்கு வந்தால் அங்கேயே போட வேண்டும். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலரும் இந்த மரபின் உச்சியில் இருந்தவர்தான். சுற்றியிருந்தவர்கள் கேள்விமேல் கேள்வியாகத் தொடுக்க, எல்லாவற்றையும் நினைவிலிருந்து எடுத்து விடை சொல்லும் கலை அது. அந்த மனப்பாடத்தின் உயிர் கேள்வியில் இருந்தது. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இல்லை.

இன்றைய மனப்பாடத்தில் அந்தக் கேள்வி கழன்று போயிற்று. பிள்ளை புத்தகத்தை மடியில் வைத்து ஆடிக்கொண்டே வாசிக்கிறது. மஞ்சள் மையால் கோடு போடுகிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது; மூன்றாம் முறை இன்னும் தெரிந்த மாதிரி. கண்ணுக்குப் பழகிவிட்டதை மனதுக்குத் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். பெரியவர்களும் இதில் ஏமாறுகிறோம்.

அமெரிக்காவில் ஹென்ரி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இந்த ஏமாற்றத்தை எண்ணிக்கையில் பிடித்துக் காட்டியது. ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு அமர்வுகளிலும் வாசித்தவர்கள் 83 விழுக்காடு சொன்னார்கள்; எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களிடம் 40 விழுக்காடுதான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வாரம் கழித்து நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வெறுமனே வாசித்தவர்களே.

முதல்நாள் ராத்திரிப் படிப்பு ஏன் நம் பிள்ளைகளை விடுவதில்லை என்பதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. அது உடனடியாகப் பலன் தருகிறது. மறுநாள் காலை ஒப்பேற்றிவிடுகிறது. மார்ச்சில் எழுதியது ஜூனில் கல்லூரி வகுப்பில் உட்காரும்போது இருக்காது, அவ்வளவுதான். ஆனால் ஜூனில் யாரும் நம்மிடம் வந்து கேட்கப் போவதில்லை என்பதால் பள்ளிக்கூடங்களுக்கு அது கவலையும் இல்லை.

தினமும் வைக்கும் ஸ்லிப் டெஸ்டை வைத்துப் பார்த்தால், அதே ஆயுதம் நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. பார்க்காமல் எழுதிப் பார்ப்பதுதானே ஸ்லிப் டெஸ்ட்? அதைத் தண்டனையாக்கிவிட்டோம். குறைவாக எடுத்தவன் வெயிலில் நிற்க வேண்டும், விடையை இருபது முறை இம்போசிஷன் எழுத வேண்டும். எழுதிப் பார்ப்பதே படிப்பு, அதில் வரும் மதிப்பெண் யாரும் பார்க்கத் தேவையில்லாதது என்று ஆகியிருந்தால் அந்தத் துண்டுத்தாள் இன்னும் எவ்வளவோ செய்திருக்கும்.

தேர்வறைக்குள் செல்லுபடியாகும் சில சமாச்சாரங்களும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு, பொருளியல் போன்ற தாள்கள் 90 மதிப்பெண்ணுக்கு. நேரம் 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஐந்து மதிப்பெண் விடைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவாகிறது என்றால் வேறெங்கோ கடன் வாங்குகிறோம் என்று பொருள். முதல் ஐந்து மார்க்கை அழகாக மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டுக் கடைசி மூன்றை எழுத நேரமில்லாமல் போகும் பிள்ளைகள், பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே ஒன்றைக்கூட வெறுமையாக விடுவதில் நியாயமே இல்லை. குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். இரண்டில் ஒன்று தப்பினாலும் கணக்குத் தாளில் பூஜ்யம்தான்.

'முதலில் தோன்றியதை மாற்றாதே' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் குரூகரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்கள் அழித்துத் திருத்திய விடைகளை எண்ணிப் பார்த்து 2005இல் எழுதினார்கள். தவறிலிருந்து சரிக்கு மாறியவை 51 விழுக்காடு. சரியிலிருந்து தவறுக்குப் போனவை 25. மாற்றிக் கெட்டது நெஞ்சில் முள்ளாகத் தங்குகிறது, மாற்றிப் பிழைத்தது மறந்துபோகிறது. அதனால்தான் அந்த அறிவுரை சாகாமல் இருக்கிறது.

நீட் வேறு உலகம். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. தெரியாததைத் தொடாதே என்பது கோச்சிங் வாசலிலேயே கேட்கும் மந்திரம். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால் சராசரியாக என்ன கிடைக்கும்? நான்கு தடவையில் ஒருமுறை சரி, மூன்று முறை தவறு; 4இல் 3 போக 1. ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று ஒதுக்க முடிந்தால் லாபம் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண்ணாகும். இது சராசரிக் கணக்கு. ஒரு நாள், ஒரு தேர்வு, ஒரு பிள்ளை என்று வரும்போது எந்தப் பக்கமும் சாயலாம். முடிவு அந்தப் பிள்ளையுடையது. கணக்காவது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்தகவோ, பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி அலகில் இருக்கிறது. கடைசிப் பாடம் என்பதால் பலர் அதைச் சாய்ஸில் விட்டிருப்பார்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமைப் பற்றியும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். கோடை வெயில், சுற்றும் மின்விசிறி, கட்டுக்கட்டாகத் தாள்கள், பக்கத்தில் விடைக்குறிப்பு. முகப்புச் சீட்டு கிழிக்கப்பட்டிருப்பதால் எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று திருத்துபவருக்குத் தெரியாது. அவருக்கு அந்தப் பிள்ளை மேல் பகையும் இல்லை, பாசமும் இல்லை. விடைக்குறிப்பில் இருக்கும் சொல் தாளில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் தடுமாறுகிறார். படிநிலைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், கடைசி விடை தப்பாகிப் போனாலும் சூத்திரத்தையும் பிரதியிட்டதையும் எழுதிவைத்தவனுக்கு ஏதாவது போட்டுவிடுகிறார். அடிக்கோடு, பத்திப் பிரிப்பு, விடைக்கும் விடைக்கும் இடைவெளி இவையெல்லாம் களைத்துப்போன ஒரு வாசகருக்குக் காட்டும் மரியாதை. கலர் பேனா அலங்காரம் அதில் சேராது.

இனி 'மெல்லக் கற்போர்' என்ற வகைக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். நன்றாகப் படிப்பவர்களுக்கு முழுப் புத்தகம், கூடுதல் பயிற்சி. மற்றவர்களுக்கு மினிமம் மெட்டீரியல்: சில பக்கங்கள், சில கேள்விகள், 35. ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டு மேலிருந்து தாள் வரும். அந்த அழுத்தத்தில் அவர்கள் செய்வது பல பிள்ளைகளைக் கரையேற்றியும் இருக்கிறது; பத்தாவது பாஸ் என்ற ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு என்ன என்பது தெரிந்தவர்கள் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனாலும் அந்தத் தாளை வாங்கும் பிள்ளைக்கு ஒரு செய்தி போய்ச் சேருகிறது. உனக்கு இவ்வளவு போதும். முப்பத்தாறு என்று சொல்லி ஒன்றைச் சேஃப்டிக்கு வைத்துக்கொண்டவன் அந்தச் செய்தியை நன்றாகவே படித்திருக்கிறான். வகுப்பிலேயே கணக்குப் போடும் திறமை அதிகம் உள்ளவனாக அவன் இருக்கலாம். எதை விடலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். எப்படிப் படித்தால் நிற்கும் என்று மற்றவர்களுக்கே சொல்லிக்கொடுக்காதபோது அவனுக்கு எங்கே சொல்வது?

மெட்டீரியலைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே பக்கங்களை மூடிவைத்து எழுதிப் பார்க்க வையுங்கள். நேற்று எழுதியதை மூன்று நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரு ரிவிஷன் தேர்வன்று விடையே எழுத வேண்டாம் என்று சொல்லி, வினாத்தாளை வாசித்து வரிசை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இவை எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அரசாணை தேவையில்லை.

வீட்டில் படித்தவர் யாரும் இல்லையே என்று தயங்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். நூறு நாள் வேலைக்குப் போய்வந்து அடுப்பு மூட்டும் அம்மாவுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தைப் பிள்ளை கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன படிச்ச, சொல்லு, கேக்குறேன்" என்றால் போதும். எங்கே திக்குகிறதோ அந்த இடத்தைப் பிள்ளையே திறந்து பார்த்துக்கொள்ளும். இந்தப் பொதுத்தேர்வுக்கு முன்னால் தினமும் ஒரு கால்மணி நேரம் அப்படிக் கேளுங்கள்.